நான் படிக்காத கடைசிக் கட்டம்

அடுத்த வாரம் ஆராய்ச்சிக்காகப் பெரம்பலூருக்குக் கிளம்பப்போகும் உங்கள் ஆறு பேருக்கும்,

நீங்கள் ஊருக்குப் போகும் முன் உங்களிடம் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் போன் செய்தார். "உங்க சாதனைகளைப் பத்திப் பேசுங்க மேடம், பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். துறை இருப்பது இரண்டாவது மாடி. என் இடது முட்டி மாடி ஏறாது. அங்கே இருக்கும் லிஃப்ட் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிப்பேரில்தான் இருக்கிறது. ஆகவே எழுதி அனுப்புகிறேன். சாதனைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. என் கட்டுரைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் படித்ததாகத்தான் என்னிடம் சொல்வீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் சொன்னேன்.

பார்க்கின்சன் நோயில் முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவள் என்று மேடைகளில் என்னை அறிமுகம் செய்வார்கள். அந்த முப்பது வருடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது என்று ஏதாவது இருந்தால், அதில் பாதியை எனக்குக் காட்டியவர் அரியலூர்ப் பக்கத்து ரயில்வே கேட் கீப்பர் ஒருவர். என் அவசர புத்தியால் அவர் படுக்கையில் விழுந்தார். அந்தக் கதையை இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோபம் மூக்கின் மேலேயே குடியிருக்கும். வேலை திருச்சியில், ஆராய்ச்சி அரியலூரில். நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. இந்த நோய் வந்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாமல், ஊரிலேயே இருந்துகொண்டு, தினம் மூன்று வேளை மாத்திரையும் கொஞ்சம் நடைப்பயிற்சியுமாக ஒரு வருடம் நல்லபடியாக இருக்க முடியுமா? முடியும் என்று நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் பொய், முடிவுரையை மனதில் எழுதியே முடித்திருந்தேன். ஆதாரம் மட்டும்தான் பாக்கி.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் காகிதத்தை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்தால் அவர்களுக்காக இரண்டு வரி. கை நடுங்கும், உடம்பு இறுகும், அடி சிறுத்துப்போகும். சில நேரம், நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும், அதுவும் வாசற்படி மாதிரி குறுகலான இடத்தில். மாத்திரையின் வேகம் இருக்கும் சில மணி நேரம் மனிதர் நடப்பார், அது இறங்கியதும் திரும்பவும் தடுமாறுவார். ஊரில் இதற்கு உதறுவாதம் என்று பெயர். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதும் வழக்கம்.

மாதம் ஒரு நாள் காலையில் பரிசோதனை. அரியலூரில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மண்டப மேனேஜர் ஒதுக்கித் தருவார். எங்கள் ஆராய்ச்சி அட்டவணையைப் பஞ்சாங்கம்தான் தீர்மானித்தது. திருச்சியிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, சிமென்ட் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்து போனால், மண்டபத்தில் முந்தின நாள் சாம்பார் வாசனை இன்னும் இருக்கும். மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயரைப் பல நாள் கழற்றியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழே மேசை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். உடையார்பாளையத்திலிருந்தும் திருமானூரிலிருந்தும் பஸ்ஸில் வந்தவர்கள் மேடையிலிருந்து பந்திக்கூடத்து வாசல் வரை நடந்து திரும்ப வேண்டும். நான் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். "மாப்ள அழைப்பு ஆரம்பிச்சிருச்சுடோய்" என்று வரிசையில் யாராவது சொல்வார்கள், நடுங்கும் கைகளோடு எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மண்டபத்துக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு இளகுகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எங்கேயும் வேலை செய்ததில்லை.

கலியபெருமாள் அந்த வரிசையில்தான் வந்தார். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அரியலூரை ஒட்டிய ஒரு கிராமம். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா. முதல் நாள், என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"தொந்தரவு கிடக்கட்டும் டாக்டரம்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். பின்னால கொல்லைக்குப் போறதுக்கு இவ கையைப் புடிச்சுக்கிட்டு போற மாதிரி ஆயிடக்கூடாது" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி அஞ்சலை, "புடிச்சா என்னவாம்? நாப்பது வருசத்துல ஒருநாளாச்சும் புடிச்சிருக்கீங்களா" என்றார்.

"அதெல்லாம் டாக்டரம்மா கேக்கல" என்றார் அவர்.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தோம். ஒரு நாளுக்கு ஒரு வரி, வரிக்கு நாலு கட்டம். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டங்கள். மாத்திரை போட்டால் டிக், போடாவிட்டால் பெருக்கல் குறி. கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்பு. அந்தக் கட்டத்தை எதற்காக வைத்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லாப் படிவத்திலும் இருந்தது, நானும் வைத்தேன். பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விட்டார்கள். முப்பது வருடம் ஒவ்வொரு ரயிலையும் நேரத்தோடு ரிஜிஸ்டரில் ஏற்றியவர் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவாரா? கலியபெருமாளுடைய நோட்டில் முதல் மாதத்திலேயே எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. "இவரல்லவா நோயாளி" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

மாதத்துக்கு மாதம் அவர் நடை பிரமாதமாக இருந்தது. மேடையிலிருந்து கிளம்பி, கையை வீசி, வாசலில் தயங்காமல் திரும்பி வருவார். புதிதாக யார் வந்தாலும், "கலியபெருமாள், ஒரு தடவை நடந்து காட்டுங்க" என்பேன். மண்டபமே பார்க்கும். நடக்கும்போது அவர் தோளும் கழுத்தும் லேசாக அசையும். ஆள் கெத்தாக நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உங்களில் யாருக்காவது இந்த இடத்தில் சுருக்கென்றதா? சுருக்கென்றிருந்தால் நீங்கள் அன்றைய என்னைவிடத் தேவலை. மாத்திரை அளவுக்கு மீறினால் உடம்பு அப்படித்தான் அசையும். இதைப் பரீட்சையில் கேட்டால் நான் முழு மதிப்பெண் வாங்குவேன். மண்டபத்தில் எனக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு அவர் நன்றாக இருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, முந்திரிக்காட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா உடையார்பாளையத்திலிருந்து வந்தார். பாவம், நோய் வேகமாக முற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு எங்கள் மூன்று வேளை மாத்திரை போதாது, திருச்சியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ரயில் தாமதம், பசி, ஸ்டாப்வாட்ச் வேறு மக்கர் செய்தது. "நீங்க இனிமே இங்க வரவேணாம்மா, உங்களுக்கு இது சரிப்படாது, திருச்சிக்கு வாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவர் பெயரைப் பட்டியலில் அடித்தேன். அந்த அம்மா திருச்சிக்கு வந்தார், நன்றாகவே தேறினார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது, சரியாக நடக்காதவள் பெயரை டாக்டரம்மா அடித்ததை. பெயர் போனால் மாத்திரை போகும். அந்த மாத்திரையை வெளியே வாங்க அங்கே பலருக்கு வசதி கிடையாது.

இனி மாலதி அக்கா. பெரம்பலூர்க்காரர், என்னைவிட மூத்தவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்து அது படுத்துவிட்டது, எங்களிடம் வந்து சேர்ந்தார். எல்லா நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. பத்தாவது மாதம் நெருங்கும்போது எனக்கு ஒரு பெரிய மாநாட்டில் பேச வாய்ப்பு வந்தது. ஆய்வுச் சுருக்கம் அனுப்ப இரண்டு நாள்தான் பாக்கி. தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது மாலதி அக்கா கலியபெருமாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், இவரு எழுத்து வர வர எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு. மதியக் கட்டத்துல இருக்கறது டிக்கா, பெருக்கலான்னே தெரியல. வெறும் புள்ளியாத்தான் தெரியுது."

"மத்த கட்டமெல்லாம்?"

"காலையில கொஞ்சம் பெரிசா இருக்கு, டிக்குன்னு தெரியுது. மதியந்தான்."

"ரயில்வேக்காரர் ஒரு வேளை தவற விடமாட்டாரு அக்கா. புள்ளி இருந்தா டிக்னு போடுங்க."

"குறிப்புல என்னமோ நெறைய எழுதியிருக்காரு மேடம். அதை என்ன பண்றது?"

"அதுக்கு கம்ப்யூட்டர்ல இடமில்ல. விடுங்க" என்று எரிந்து விழுந்தேன். மாலதி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

எழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் பாலபாடம். அதே வாரம் திருச்சியில் மாணவர்களுக்கு அதைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், பெரிதாக ஆரம்பித்துப் புள்ளியாக முடியும் ஒரு வரி. கைதட்டல்கூடக் கிடைத்தது.

அடுத்த பரிசோதனை நாளில் கலியபெருமாள் வரவில்லை. அஞ்சலை மட்டும் வந்தார். தலை வாரியிருக்கவில்லை. ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் பழைய எவர்சில்வர் டப்பா.

"விழுந்துட்டாருங்க" என்றார். "நேத்து மத்தியானம் மூணு மணி இருக்கும். கொல்லைக்குப் போறேன்னு எந்திரிச்சாரு. பின்வாசப்படியில கால் நின்னுபோச்சு. நான் புடிக்க வரதுக்குள்ள வேண்டாங்கறாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அங்க படுத்துக்கிட்டு, இன்னிக்கு ரிஜிஸ்டர் போயாகணும், கொண்டு போய்க் குடுன்னு என்னைத் தொரத்துறாரு."

"இந்த டப்பா?"

அஞ்சலை திறந்து காட்டினார். உள்ளே எங்கள் மாத்திரைகள், அட்டையிலிருந்து பிரித்து எடுத்துச் சேர்த்தவை. நிறைய இருந்தன. காலி அட்டைகளைத்தான் நாங்கள் மாதா மாதம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலியபெருமாள் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட முயன்றார்.

"மதிய மாத்திரையை எதுக்குச் சேத்து வச்சீங்க?" என்று கேட்டேன். குரலில் கோபம்தான் முதலில் வந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"பேரை எடுத்துட்டீங்கன்னா கைவசம் கொஞ்சம் இருக்கணுமில்ல டாக்டரம்மா. அந்த முந்திரிக்காட்டு அம்மா பேரை எடுத்தீங்களே. நீங்க பாக்க வர்ற அன்னிக்குக் காலையில ரெண்டாப் போட்டுக்குவேன். நல்லா நடக்க வரும். நீங்களும் சந்தோசப்படுவீங்க."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் முகம் எப்போதும் அசையாத முகம், இந்த நோயில் அப்படித்தான். ஆனால் அவர் கண்ணில் வந்த ஆச்சரியத்தை நான் பார்த்தேன்.

"எழுதியிருக்கேனே" என்றார்.

திரும்பி வந்து நோட்டை எடுத்தேன். வெறும் கண்ணால் படிக்க முடியவில்லை. மாலதி அக்கா கடைவீதிக்குப் போய், வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரரிடம் கண்ணில் மாட்டும் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். காலி மண்டபத்தில், யாரோ ஒரு மணமகள் பெயருக்குக் கீழே உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க நான் கேட்டேன்.

புள்ளிகள் அத்தனையும் பெருக்கல் குறிகள். ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறிப்புக் கட்டத்தில் கணக்கு சுத்தமாக இருந்தது. "13.00. மாத்திரை உட்கொள்ளவில்லை. டப்பாவில் வைக்கப்பட்டது." அடுத்த நாள், "13.00. மேற்படி." பரிசோதனை நாட்களில், "07.30. இரண்டு மாத்திரை உட்கொள்ளப்பட்டது. டாக்டரம்மா முன்னிலையில் நடை நன்று." பிற்பகல்களுக்குத் தனியாக எழுதியிருந்தார். "15.10. பின்வாசற்படியில் கால் நின்றுவிட்டது. 15.22-க்குக் கிளம்பியது." ரயிலுக்கு எழுதுவதுபோலவே தன் காலுக்கும் எழுதியிருந்தார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பொய்ப் பதிவு போட்டவர் இல்லை, எங்களுக்கும் போடவில்லை. படிக்க வேண்டியவள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாலதி அக்கா லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். ஒரு தடவை சொன்னதற்கே நான் எரிந்து விழுந்தவள். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், என்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். எனக்கு இந்தத் துறையில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆளுதானேம்மா. அந்த ஒரு பேரை எடுத்துடு. மத்தவங்களை வச்சு மாநாட்டுல பேசு. விதிமுறையிலயே அதுக்கு இடமிருக்கு."

விதிமுறையில் இடம் இருக்கத்தான் செய்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடாதவரை ஆய்விலிருந்து விலக்கலாம் என்று நானே எழுதிய வரி அது. மாநாடு முடிந்தால் எனக்கு வெளிநாட்டில் இரண்டு வருடப் பயிற்சி கிடைக்கும் என்று பேச்சும் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். போனை வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்தேன். பேனாவையும் திறந்தேன்.

கலியபெருமாள் இத்தனை மாதமாகப் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான். பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மாத்திரையைச் சேர்த்தார், சேர்த்ததால் விழுந்தார். இப்போது விழுந்ததற்காகவே நான் அவர் பெயரை எடுக்கப் போகிறேன். பேனாவை மூடிவிட்டேன்.

அவர் ஒருவர்தானா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும். மண்டபத்தை மறந்துவிட்டு, மாலதி அக்காவும் நானும் ஒவ்வொரு வீடாகப் போனோம், காலையில் அல்ல, பிற்பகல் மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல். திருமானூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் மாத்திரை இருந்தது. இன்னொரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால். மண்டபத்தில் கைவீசி நடந்தவர்கள் மூன்று மணிக்குக் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தார்கள். வீட்டுக்கு வீடு நான் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "யாரு பேரையும் எடுக்க மாட்டேன். மோசமா இருந்தா, அதைத்தான் முதல்ல எனக்குச் சொல்லணும்." அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஓர் இடுப்பெலும்பு தப்பித்திருக்கும்.

மாநாட்டுக்குப் போகவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பேராசிரியர் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பயிற்சி வேறொருவருக்குப் போனது. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், நிறைய இருந்தது. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. செய்தது சரிதான் என்று தெரிந்தால் வருத்தம் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

கலியபெருமாளுக்கு ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்து நிற்கவே பல வாரம் ஆனது. மூன்று வேளை மாத்திரை இப்போது ஒழுங்காகப் போயிற்று. ஆனாலும் பின்வாசற்படிக்குப் போனால் கால் நின்றுவிடும். எனக்கும் வழி தெரியவில்லை. அப்போதுதான் மாலதி அக்கா, அவர் நோட்டிலிருந்து எழுதி வைத்திருந்த ஒரு வரியைக் காட்டினார். "16.40. ஓடாத பழைய சைடிங் லைனில் ஸ்லீப்பர் கட்டை பார்த்து நடந்தேன். தடை ஏதும் இல்லை." ஐந்தாறு இடத்தில் அதே வரி இருந்தது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போட்ட கிளை லைன் அது.

வீட்டு வாசலைத் தாண்ட முடியாத கால், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே வரிசையாகக் கிடக்கும் கட்டைகளைக் கண்டால் ஒவ்வொன்றாகத் தாண்டுகிறது. கோடு போட்ட தரையில் இந்த நோயாளிகளுக்கு நடை வருவது புதிய விஷயம் அல்ல, நானே புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் புத்தகத்தில் இருந்ததை ஒருவர் தன் காலால் கண்டுபிடித்து என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார், நான் அதற்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்றேன்.

மறுநாள் அஞ்சலை சுண்ணாம்பைக் குழைத்தார். கூடத்திலிருந்து பின்வாசல் வழியாகக் கொல்லை வரைக்கும், ஸ்லீப்பர் கட்டைக்கு என்ன இடைவெளியோ அந்த இடைவெளியில், தரையில் குறுக்குக் கோடுகள் இழுத்தோம். இடைவெளியைக் கட்டிலில் உட்கார்ந்தபடி கலியபெருமாள்தான் சொன்னார்.

"இன்னும் ஒரு சாண் தள்ளிப் போடு. ம், அங்கதான். லைன் வளையக்கூடாது" என்று மனைவியை விரட்டினார்.

"வூட்டையே ரயில்வேக்கு எழுதிக் குடுத்துரலாம்" என்றார் அஞ்சலை.

வாக்கரோடு எழுந்தார். முதல் கோட்டைப் பார்த்தார். கால் எழும்பியது, தாண்டியது. அடுத்தது. பின்வாசற்படியில் ஒரு கணம் நின்றார். அஞ்சலை கையை நீட்டினார். "வேண்டாம், கேட் தொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். அஞ்சலை நீட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நான் பேர் வாங்கிய ஆராய்ச்சியெல்லாம் அந்தக் கோடுகளிலிருந்து வந்ததுதான். எந்த வீட்டுக்கு எந்த இடைவெளி, எந்த நேரத்தில் யாருக்குக் கால் நின்றுபோகிறது, வீட்டார் என்ன செய்தால் நடை வருகிறது என்று அரியலூரிலும் பெரம்பலூரிலும் வருடக்கணக்கில் அலைந்தோம். பஸ்ஸுக்கு நின்ற நேரமும், பருத்திக்காட்டு ஓரமாக மாலதி அக்காவோடு நடந்த பிற்பகல்களும், போன வீட்டிலெல்லாம் வற்புறுத்திக் கொடுத்த மோரும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. தரையில் வெள்ளைக் கோடு கிடக்கும் வீடுகளை அந்தப் பக்கத்தில் இப்போதும் நீங்கள் பார்க்கலாம். பார்த்தால் உள்ளே போய் விசாரியுங்கள்.

கலியபெருமாள் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். ஆய்வு முடிந்தும் நோட்டை விடவில்லை, தீர்ந்தால் புதிது கேட்டு வாங்கிக்கொள்வார். கடைசி வருடத்தில் நடை போய்விட்டது, பேச்சும் அடங்கிவிட்டது. வாயசைவு மட்டும் இருக்கும், சத்தம் வராது. கடைசியாக நான் பார்த்தபோது ஒரு மணி நேரம் அவரோடு இருந்தேன். கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன், படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஏதோ சொல்ல வந்தார், காதை வாயருகே வைத்தும் எனக்குக் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் காய்ச்சலில் போய்விட்டார். கருமாதிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அஞ்சலை நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "ரிஜிஸ்டரை ஒங்ககிட்ட ஒப்படைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார்.

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வாட்ச் கடை லென்ஸை எடுத்தேன். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை, நல்ல விலை கொடுத்து என்னோடு வைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் அவ்வளவும் மணல் தூவினமாதிரி இருந்தது. நான் கடைசியாகப் போன நாளின் வரியைத் தேடிப் பிடித்தேன். குறிப்புக் கட்டத்தில் இப்படி இருந்தது:

"11.40. டாக்டரம்மா வருகை. இடது காலைத் தாங்கி நடக்கிறார்கள். படி ஏறும்போது சுவரைப் பிடித்தார்கள். முட்டியில் வலி என்று தெரிகிறது. என்னவென்று கேட்டேன். சத்தம் வரவில்லை. அடுத்த முறை கேட்க வேண்டும்."

ரயில் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. என் முட்டி வலியைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.